ராய் கேசட்டுகளை மறுவெளியீடு செய்வோருக்கு: தயாரிப்பாளர் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய வெளியீட்டாளர்களே,

வணக்கம். 1980களில் வந்த, அல்ஜீரிய மக்களிசையான ராய் கேசட்டுகளைத் தேடிப்பிடித்து இணையத்தில் ஏற்றி வருகிறீர்கள். இல்லாமலே போயிருக்கக்கூடிய பாட்டுகள் பல அதனால் மறுபடி காதில் விழுகின்றன, நன்றி. ஆனால் அண்மையில் வந்த இன்னொரு தொகுப்பையும் பார்த்தோம். பாடகர் பெயர் இருக்கிறது, உரிமைக்குறியோடு நிறுவனப் பெயர் இருக்கிறது. தயாரிப்பாளர் என்ற இடம் மட்டும் காலி. ஒவ்வொரு தொகுப்பிலும் இதையே பார்த்துச் சலித்துப்போய்தான் எழுதுகிறோம்.

ரஷீத், ஃபெத்தி பாபா அஹ்மத் சகோதரர்களை உங்களுக்கு நாங்கள் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எழுபதுகளில் சேர்ந்து பாடிய இருவர், பின்பு தங்கள் ஊரான த்லெம்செனில் ஸ்டுடியோ வைத்து ராய் பாட்டுகளைத் தயாரித்தார்கள். கஸ்பா குழலோடும் கெல்லால் பறையோடும் வளர்ந்த ராய், இசைக்கலைஞர் பெல்லெமூ கொண்டுவந்த ட்ரம்பெட்டைத் தாண்டி, சின்தசைசருக்கும் டிரம் மெஷினுக்கும் வந்து சேர்ந்ததில் அந்த அறைக்குப் பெரும் பங்கு உண்டு. ஷாபா ஃபதேலாவும் ஷெப் ஸஹ்ராவியும் சேர்ந்து பாடிய 1983ஆம் ஆண்டின் ‘நசெல் ஃபீக்’ அங்கிருந்து வந்ததுதான்.

அங்கே வேலை நடந்த முறையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பாடகர் வருவார், வெறும் தாளத்தின் மேல் பாடிவிட்டுப் போய்விடுவார். கீபோர்டு, பேஸ், கிட்டார் எல்லாம் அதற்குப் பிறகு ட்ராக் ட்ராக்காக ஏறும். குரல் மூச்சு வாங்கும் இடத்தில் எந்தக் கருவி பதில் சொல்ல வேண்டும், தாளம் எங்கே ஒரு நொடி ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் பாடகர் இல்லாத நேரத்தில் முடிவானவை. அப்படியிருக்க, பாடகர் பெயரை மட்டும் போடுவது பாட்டின் பாதியை மறைப்பதாகும்.

பெயரைச் சேர்ப்பது கடினமான வேலையா? இணைய இசைத் தளங்களுக்கு அனுப்பும் வெளியீட்டுப் படிவத்தில் தயாரிப்பாளர், இசை ஒழுங்கமைப்பாளர், பதிவான இடம் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு. கேசட் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து நிரப்பலாம். அட்டையில் இல்லையென்றால் அதே பாட்டின் மற்ற பதிப்புகளோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். ஊகித்து எழுத வேண்டாம். எழுத்துக்கூட்டல் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் ஒரே ஆள் இரண்டு மூன்று பேராகப் பிரிந்துவிடுகிறார். ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு, ஆளை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.என்.ஐ. எண்ணோடு இணைத்தால் அது தீரும். ஒரே பதிவுக்கு, பதிவை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை ஆளுக்கொன்றாக வாங்குவதையும் நிறுத்துங்கள். பதிவுக்குச் சேரவேண்டிய தொகை சிதறிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விற்பனைக் கேசட்டை டெக்கில் போட்டு அப்படியே மாற்றும்போது, நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு அந்த நாடாவோடு பொருந்தாவிட்டால் உயர் அதிர்வெண் ஒலிகள் முதலில் போய்விடும். இரு சேனலையும் மோனோவில் சேர்த்துக் கேட்டபடி, ஒலி மிகத் தெளிவாக வரும் வரை சாய்வுத் திருகைத் திருப்பினால் போதும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும். வேகம் மூன்று சதவீதம் கூடினாலே சுருதி ஏறத்தாழ கால் ஸ்வரம் ஏறிவிடும், குரலின் இயல்பும் மாறிவிடும். பிறகு இரைச்சலை நீக்குகிறோம் என்று மென்பொருளை அழுத்திவிட்டால் கைத்தட்டலும் குரலின் கரகரப்பும் கூடவே அழிகின்றன. ராய் பாட்டில் கரகரப்பை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

ஸ்டுடியோவில் முதலில் பதிவான மூலநாடா கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். எழுபது, எண்பதுகளின் ஸ்டுடியோ நாடாக்களில் சில வகை ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். அப்படியே ஓடவிட்டால் காந்தப்பூச்சு உரிந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்த வகையைச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் உலர்த்தி, ஆறவிட்டு, உடனே மாற்றிவிட வேண்டும். அசிடேட் பிளாஸ்டிக்கில் செய்த பழைய வகை நாடாவை மட்டும் சூடாக்கிவிடாதீர்கள்.

1994 செப்டம்பரில் ராய் பாடகர் ஷெப் ஹஸ்னியைக் கொன்றார்கள். சில மாதங்களில், 1995 பிப்ரவரியில், தயாரிப்பாளர் ரஷீதையும் அல்ஜீரியாவின் ஓரான் நகரில் சுட்டுக் கொன்றார்கள். தான் செய்த வேலையைத் தனதென்று கேட்டு அவர் இனி வரமுடியாது. 2022இல் ராய் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் கேசட் காலத்தில் பாடகர்களுக்கே ஒருமுறை கையில் கொடுத்த பணத்தோடு கணக்கு முடிந்தது. திரைக்குப் பின்னால் இருந்தவர்களைக் கேட்பாரில்லை. அந்தக் கேசட்டுகளை வைத்து இன்று வருமானம் பார்க்கும் நீங்களும் அதே வழக்கத்தைத் தொடர்வதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

ஆகவே பணிவோடு கேட்கிறோம்: ஏற்கெனவே வெளியிட்ட தொகுப்புகளைத் திறந்து, சகோதரர்கள் இருவரில் யார் எதில் பணியாற்றினார்களோ அவர்கள் பெயரைத் தயாரிப்பாளர் இடத்திலும், த்லெம்செனைப் பதிவிடத்திலும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். புதிதாக வருவனவற்றில் அந்த இடம் காலியாக இருந்தால் வெளியிடுவதைத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
ராய் இசை கேட்போர் சிலர்