குளவிக்கூட்டைக் காத்தவருக்கு நன்றி

அந்த மூன்று நாள்களில் நடந்ததை அறிந்தவர்களுக்கே இதை எழுதுகிறேன் என்பதால் மீண்டும் விவரிக்கவில்லை. பழங்கால ஓவியங்கள் உள்ள எங்கள் பாறையின் இடப்பக்கம் தேய்த்ததில் அழிந்துபோயிற்று, வலப்பக்கம் தப்பியது. தப்பியதற்குக் காரணம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர்.

கிறுக்கல்களை நீக்க நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே வலப்பக்கம் நெருங்கியபோது, அவர் தம் தொரட்டியைக் குறுக்கே நீட்டி, “அந்தக் குளவிக்கூட்ட மட்டும் தொடாதீங்க, பாப்பா அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வருது” என்றாராம். அவர் பாப்பா என்பது என்னைத்தான். செங்காவியால் வரைந்த மானின் பின்னங்காலின் மேல் கட்டைவிரல் அளவில் காய்ந்து ஒட்டியிருக்கும் அந்த மண்ணை, பார்ப்பவர் எவரும் அழுக்கென்றே நினைப்பார்கள். ஆனால் ஓவியத்தின் வயதை அறிய உதவக்கூடியது அதுதான்.

காவி இரும்புத் தாது. அதில் கரிமம் இல்லாததால், கரிமத்தை அளந்து வயதைக் கணிக்கும் கரிமக் காலக்கணிப்பு அதனிடம் பலிக்காது. கரியால் வரைந்த கோடாக இருந்தாலும், மரம் உயிரோடிருந்த காலம் தெரியுமே தவிர, வரைந்த காலம் தெரியாது. குளவியோ சேற்றோடு காட்டுத்தீயின் கரித்துகளையும் சேர்த்துக் கொண்டுவந்து பூசிவிடுகிறது. ஓவியத்தின் மேலுள்ள கூட்டைவிட ஓவியம் பழையது, அடியில் சிக்கிய கூட்டைவிடப் புதியது. ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் ஒரு கங்காரு ஓவியத்துக்கு மேலும் கீழும் மும்மூன்று கூடுகள் கிடைத்ததால்தான், அதன் வயது 17,100 ஆண்டுகளுக்கும் 17,500 ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என்று 2021இல் அறிவிக்க முடிந்தது. எங்கள் மானுக்கு இருப்பது ஒரே கூடு. அதில் போதிய கரி இருக்குமா என்பதே இனிமேல்தான் தெரியும்.

இதையெல்லாம் அவரிடம் ஒரு மதியம், அவர் தந்த மோரைக் குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். சொன்னதை நான் மறந்துவிட்டேன்.

இரவோடு இரவாகப் படங்களை அனுப்பிய மாணவர்கள், மனு எழுதித் தந்த வழக்கறிஞர், கேட்காமலே வண்டி கொடுத்த பால்காரர், விடுமுறை நாளிலும் வந்து கையெழுத்திட்ட அலுவலர் ஆகிய அனைவருக்கும் என் நன்றி.

நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று ஓவியத்தின்மேல் தண்ணீர் தெளித்துப் படமெடுக்கும் பழக்கம் ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. இனி ஒரு சொட்டும் தெளிக்க மாட்டேன்.

அனுமதி கிடைத்ததும் அந்தக் கூட்டைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். அவர் காத்ததை என் கையாலேயே உடைக்கப்போகிறேன். அன்று அவரும் என் அருகில் நிற்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். “ஆட்டப் பட்டியில அடைச்சுட்டு வந்துடுறேன் பாப்பா” என்றார்.