கிண்ணமும் ஈர்க்குச்சியும்

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர.

வள்ளி வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். உள்ளூர்க் கல்லூரி வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள்! இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் மறுபடி லேசர் ஆராய்ச்சிக்கே போகிறாள்; ஹைட்ரஜன் அணுக்களை ஒன்றாக இணைத்துச் சக்தி எடுக்கிற அணு இணைவுக்கான ஆராய்ச்சி. உன் தங்கச்சி மூன்று நாள் பேசவில்லை.

நான் கேட்டேன், அப்படி என்னம்மா அதில் என்று. அவள் சொன்னது இது. மெல்லிய உலோகத் தகட்டின் மேல் லேசர் துடிப்பு விழுந்தால் எலக்ட்ரான்கள் பின்பக்கமாகப் பாய்கின்றன. அங்கே உண்டாகும் மின்புலம் புரோட்டான்களை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. உலோகத்தில் ஏது தனிப் புரோட்டான்? தகட்டில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கிலும் ஈரத்திலும் இருக்கிற ஹைட்ரஜனின் கருதான் அதுவாம். லென்ஸில் கை பட்டதற்கு உன்னை முட்டி போட வைத்தாரே நம் வாத்தியார், அவர் இதைக் கேட்டிருக்க வேண்டும்!

சரி, அந்தப் புரோட்டான்களை ஒரே இடத்தில் குவிப்பது எப்படி? அப்பத்தாவின் பித்தளைக் கிண்ணத்தை முற்றத்தில் வைத்து, உள்ளே பிசைந்த மாவை அப்பி, ஈர்க்குச்சிகளை அந்தந்த இடத்துக் கிண்ணப் பரப்புக்குச் செங்குத்தாகக் குத்தினாள். நுனியெல்லாம் நடுவில் ஒரே இடத்தில் கூடின. தகட்டைக் கிண்ணம் போல வளைத்தால் புரோட்டானும் அப்படித்தான் கிளம்பும். "ஆனால் குச்சி மாதிரி நேரே வராது அப்பச்சி, கூடவே வரும் சூடான எலக்ட்ரான்களின் அழுத்தம் வளைத்துவிடும்" என்று ஒரு குச்சியை ஒடித்துக் காட்டினாள். அதற்குத்தான் முன்னால் கூம்பு வைத்துப் பார்க்கிறார்களாம்.

அமெரிக்காவில் 2022 டிசம்பர் 5-ம் தேதி 2.05 மெகாஜூல் லேசரைச் செலுத்தி அணு இணைவில் 3.15 மெகாஜூல் எடுத்தார்களே, அங்கே எரிபொருளை அமுக்குவதும் பற்றவைப்பதும் ஒரே மூச்சில் நடக்கிறது. வள்ளியின் கூட்டத்தார் யோசனை, விறகை அடுக்கிவிட்டு அப்புறம் தனியாகத் தீக்குச்சி கிழிப்பது. அந்தத் தீக்குச்சிதான் புரோட்டான் கற்றை. ஓடி நிற்கிற இடத்தில்தான் தன் சக்தியில் பெரும்பங்கைக் கொட்டும் என்பதால் 2001-லேயே இதை முன்வைத்திருக்கிறார்கள். அந்த லேசருக்கே 300 மெகாஜூல் அளவுக்கு மின்சாரம் செலவாயிற்றே, கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். சிரித்தாள்.

பெருமைதான் சொக்கு. ஆனால் இரண்டு வருஷம் முடிந்தால் என்ன என்று நினைத்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அதை அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த மாதம் உன் ஊர் வழியாகத்தான் போகிறாள். நீ கேள், உன்னிடம் மறைக்க மாட்டாள்.

மாவு காய்ந்து கிண்ணம் அப்படியே இருக்கிறது. தேய்த்துவை என்கிறாள் உன் தங்கச்சி. நான்தான் இன்னும் தேய்க்கவில்லை.

உன்,
மெய்யப்பன்