சொம்புக்கு எத்தனை டம்ளர்?

அன்பு நண்பா,

உன் மின்னஞ்சல் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முதலில் நூற்றைம்பது விடைத்தாள் மேசையில் கிடந்தது. அது முடிவதற்குள் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. இப்போது பார்வை தெளிவாகி, வீட்டில் எந்தெந்த மூலையில் ஒட்டடை இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

கிளாஸ்கோவில் குளோபல் ஹெல்த்தை, அதாவது உலக மக்களின் ஆரோக்கியம் பற்றிய பாடத்தை, உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றும், நான் இங்கே என்ன நடத்துகிறேன் என்றும், உன் நர்சிங், பிசியோதெரபி பிள்ளைகள் எட்டுப் பேரை மூன்று வாரம் இங்கே கூட்டி வரலாமா என்றும் கேட்டிருந்தாய். கடைசிக் கேள்விக்கு நான் சொல்லப்போகும் பதில் உனக்குப் பிடிக்காது. அதனால் முதலில் மற்றது.

அந்தப் பெயரில் இங்கே எங்கள் மருத்துவக் கல்லூரியில் தனிப் பாடம் கிடையாது. நம் காலத்தில் எஸ்.பி.எம். (சமூக, தடுப்பு மருத்துவம்) என்று படித்தோமே அதுதான், இப்போது பெயர் சமூக மருத்துவம். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டால் உலக சுகாதார அமைப்பு 1948, ஆரம்ப சுகாதாரத்துக்கான அல்மா ஆட்டா மாநாடு 1978, பெரியம்மை ஒழிந்தது 1980 என்று கடகடவென ஒப்பிக்கிறார்கள். நாமும் அப்படித்தான் ஒப்பித்தோம். அந்த அமைப்பின் தலைமையகம் எங்கே என்றதற்கு ஜெனீவாவுக்குப் பதில் நியூயார்க் என்று சொல்லிவிட்டு நீ வாங்கிய திட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் தொடங்குவது ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில், வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள். வகுப்புக்குப் போகும்போது வீட்டிலிருந்து எவர்சில்வர் சொம்பு, இரண்டு டம்ளர், லேபிள் கிழிந்த கூல்டிரிங்க்ஸ் பாட்டில் எல்லாம் எடுத்துப் போவேன். அளவுச்சாடி மட்டும் இருக்காது. "இதைக் கரைத்துக் கொடுங்கள்" என்பேன், அவ்வளவுதான். பொட்டலத்தின் மேலேயே ஒரு லிட்டர் என்று அச்சடித்திருக்கிறது. குடலில் குளுக்கோஸ் போகும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துப் போகும் கதையை முதலாண்டிலேயே படித்துப் பாஸானவர்கள்தான். போன மாதம் ஒரு பையன் முழுப் பொட்டலத்தையும் ஒரே டம்ளரில் கொட்டிவிட்டான். 200 மில்லிதான் பிடிக்கும் டம்ளர், ஆக ஐந்து மடங்கு உப்பு. ஒரு வாய் குடித்துப் பாரப்பா என்றேன். முகம் போன போக்கை நீ பார்த்திருக்கணும். சொம்பு எவ்வளவு பிடிக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் வந்து பாட்டிலைக் கையில் எடுத்ததும், "சார், இது முக்கால் லிட்டர்" என்றாள். அவள் அப்பா பால் ஊற்றுகிறவராம்.

மறுநாள் கிராமத்துக்குப் போனோம். ஒரு வீட்டில் பேத்திக்கு வயிற்றுப்போக்கு. பாட்டி பொட்டலத்தைப் பிரித்து ஒரு ஸ்பூன் தூளை மட்டும் டம்ளரில் கலக்கியிருந்தார். மீதியை மடித்து, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி, உப்பு ஜாடி மேல் பத்திரமாக வைத்திருந்தார். நம்ம டம்ளர் பையன் பதறிப்போய், மொத்தத்தையும் ஒரே தடவையில் கரைத்தால்தான் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் இருக்கும் என்று விளக்க ஆரம்பித்தான். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு லிட்டர் கரைச்சா இவ குடிக்கிறது ரெண்டு டம்ளர். மிச்சத்தக் கீழ ஊத்தவா?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காவைப் பார்த்தேன். அவர் அந்த வீட்டுச் சொம்பை வாங்கி, அந்த வீட்டு டம்ளரால் அளந்து, எதுவரைக்கும் ஊற்றினால் சரி என்று பாட்டியின் விரலையே வைத்துக் காட்டினார். ஒவ்வொரு தடவை போனதும் கொடுங்க, நாளைக்கு இந்நேரம் வரை வச்சிருக்கலாம், மிஞ்சினா நீங்க குடிங்க, வெயிலுக்கு நல்லது என்றார். பாட்டிக்கு பி.பி. இருக்குமோ, உப்புத் தண்ணீர் ஆகுமோ என்று எனக்குள் ஒரு உறுத்தல், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அங்கிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் வங்கக் கதையைச் சொல்வேன். 1971, பங்களாதேஷ் விடுதலைப் போர்க்காலம். எல்லையோரம் போன்காவில் அகதிகளுக்குக் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருக்கிறது. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் கல்கத்தாவில் ஒரு நூலக அறையை வைத்துக்கொண்டு குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா மூன்றையும் நிறுத்துப் பொட்டலம் கட்டவைக்கிறார். டிரம்மில் கரைத்து, குழாய் வைத்து, கூட இருக்கும் உறவினர்களையே கொடுக்கச் சொல்கிறார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு, அவர் பார்த்த நோயாளிகளிடையே 3.6 ஆக இறங்கியது. எனக்குப் பிடித்த இடம் வேறு. வாயால் குடிக்கும் தண்ணீரை ஜனங்கள் மருந்தென்று நம்புவார்களா? அதனால் "வாய்வழி சலைன்" என்றே சொல்லிக் கொடுத்தார்கள். "குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று தினமும் கேட்கிற ஊரில் வேலை பார்ப்பவனுக்கு இதன் சாமர்த்தியம் உடனே புரியும்.

அப்புறம் 1980 முதல் பத்து ஆண்டு பங்களாதேஷின் பிராக் என்ற தொண்டு அமைப்பு செய்தது. பெண் பணியாளர்கள் 1.2 கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நடந்தே போய், மூன்று விரல் உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கரைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிப்பார். அதை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தவருக்குச் சம்பளம்.

இந்த யோசனையை நான் அப்படியே திருடிக்கொண்டேன். மாணவர்கள் சொல்லிக் கொடுத்த வீட்டுக்கு ஒரு வாரம் கழித்து வேறொரு குழு போய்க் கேட்கும், அதற்கு இன்டர்னல் மார்க் உண்டு. துறையில் முணுமுணுப்பு இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு அநியாயமாகவும் போய்விட்டது. அவள் சொல்லிக் கொடுத்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருக்க, வீட்டிலிருந்த மாமியாரைக் கேட்டுவிட்டு வந்து பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். அடுத்த முறை திருத்தணும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எட்டுப் பேரை மூன்று வாரத்துக்குக் கூட்டி வராதே. வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நல்ல பிள்ளைகள்தான். முதல் வாரம் வெயிலும் வயிறும், இரண்டாவது வாரம் அங்கன்வாடிக் குழந்தைகளோடு போட்டோ, மூன்றாவது வாரம் மகாபலிபுரம். வி.எச்.என். அக்கா தன் வேலையை விட்டுவிட்டு இவர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார். எங்கள் பிள்ளைகள் பதிலுக்கு அங்கே வரவேண்டுமென்றால் விசாவுக்கே சொத்தை விற்கணும்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ இருப்பது கிளாஸ்கோவில். ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணங்கள் பற்றி உலக சுகாதார அமைப்பு வைத்த, மைக்கேல் மார்மட் தலைமையிலான ஆணையம் 2008-ல் கொடுத்த அறிக்கையில் உன் ஊர் பேர் வருகிறதே, பார்த்தாயா? கிழக்குப் பக்கம் கால்ட்டனில் பிறக்கும் ஆணுக்கு ஆயுள் 54. கொஞ்சம் தள்ளி இருக்கிற லென்சியில் 82. அப்போது இந்தியாவில் ஆண்களின் சராசரியே 62. கணக்கு பழையதுதான், இப்போது மாறியிருக்கும். இருந்தாலும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் 28 வருஷ வித்தியாசம் இருந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இத்தனை மணிநேர விமானப் பயணம்? முதலில் ஒரு பருவம் முழுக்க அவர்களைக் கால்ட்டனில் வீடு வீடாகப் போகச் சொல். குளிர்காலத்தில் ஹீட்டருக்குக் காசு போடுவதா, சாப்பாட்டுக்குப் போடுவதா என்று ஒரு வீட்டில் எப்படி முடிவு செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்.

அதற்கப்புறம் இரண்டு பேரை மட்டும் அனுப்பு. எட்டு வாரமாவது இருக்கணும், பதிலுக்கு இங்கிருந்து இரண்டு பேர் உங்கள் செலவில் அங்கே வரணும். அப்படி வந்தால் நானே சேத்துப்பட்டுக்குக் கூட்டிப் போகிறேன். காசநோய்க்கு சானடோரியம் (மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரி)தான் கதி என்று உலகம் நம்பிய காலத்தில், 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் அங்கேதான் இருக்கிறது. பாதி நோயாளிகளை சானடோரியத்தில் வைத்து, மீதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடு, அரைவயிறு, ஓய்வு குறைவு. அப்படியிருந்தும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டாருக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1959-ல் முடிவு வெளியானது, பிறகு மற்ற நாடுகளிலும் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின. மாத்திரை இருந்தால் போதும், சோறு பெரிய விஷயமில்லை என்று நாமெல்லாம் எடுத்துக்கொண்டோமே, அதற்கும் 2023-ல் பதில் வந்தது. ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்ததில் அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. ரேஷன் பையும் மருந்துதான் என்பதை உன் பிள்ளைகள் இங்கே வந்து பார்க்கட்டும்.

கோபமில்லையே? அம்மா உன்னை விசாரித்தாள். "மூணு ஈடு இட்லியைத் தனியாளாத் தின்னானே, அந்தப் பையனா?" என்கிறாள். ஜனவரியில் வா, தனியாக வந்தாலும் சரி, அந்த இரண்டு பேரோடு வந்தாலும் சரி. மே மாதம் மட்டும் வேண்டாம். வெயிலில் உனக்கே நான் பொட்டலம் கரைக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் அறைத்தோழன்