இந்த வாரப் பேச்சு: ஆன்சன் டோரன்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு இரவு நாம் பேசப்போவது ஆன்சன் டோரன்ஸைப் பற்றி. பம்பாயில் 1951-ல் பிறந்தவர், ஆமாம் நம்ம பம்பாய்தான். அமெரிக்காவில் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கால்பந்து அணியை 1979-ல் தொடங்கி 2024 வரை, 45 வருஷம், ஒரே ஆளாகப் பயிற்சி கொடுத்து, 21 என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான தேசிய விளையாட்டுப் போட்டி) பட்டம் வாங்கினார். நடுவில் அமெரிக்க தேசிய அணியையும் பார்த்துக்கொண்டு 1991-ல் முதல் பெண்கள் உலகக் கோப்பையையும் ஜெயித்துக் கொடுத்தார்.

எண்ணிக்கையை விடுங்கள். எனக்குப் பிடித்தது அவர் பயிற்சி முறை. ஓட்டம், ஒண்டிக்கு ஒண்டி மோதல், ஷாட் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, யார் முதல், யார் கடைசி என்று எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டிவிடுவார். கூடைப்பந்து பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடம் பார்த்து எடுத்த யோசனை. கடைசிப் பெயர்க்காரிக்கு எப்படி இருந்திருக்கும்? இதில் எனக்கே இரண்டு மனசு.

ஒருநாள் காலை வேலைக்குப் போகிற வழியில், யாருமில்லாத மைதானத்தில் அவர் அணியின் வீராங்கனை மியா ஹாம் தனியாக ஓடி ஓடி, வேர்த்துக் குனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறார். போய் அவருக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதி அனுப்பினார். அந்தக் கதையை விரிவாக ஞாயிறன்று சொல்கிறேன்.

அப்புறம், 2024 சீசன் தொடங்கும் முன்னே டோரன்ஸ் விலகிவிட்டார், அதே வருஷம் அணி மறுபடி பட்டம் வாங்கியது! வர முடியாதவர்கள் இங்கேயே ஒரு வரி போடுங்கள்.