திருகோணமலையிலிருந்து அக்காவுக்கு

கிறிஸ்துவுக்குள் மிகவும் அன்பான அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையினால் நாங்கள் இங்கே சுகமாயிருக்கிறோம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். எங்கள் சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளுக்காகச் சபைப் பெண்கள் சேர்ந்து கிறிஸ்துமஸ் காணிக்கை எடுக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். பெற்றவர்களே கைவிட்ட பிள்ளைகளிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேச உனக்கு எப்படி வாய் வருகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவரின் குடும்பம் 1990-இல் படகேறி மண்டபம் அகதி முகாமுக்கு வந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பிறந்த மண்ணில்தான் கண்ணை மூட வேண்டும் என்று மாமனார் ஒற்றைக்காலில் நின்றதால், போர் முடிந்த பிறகு எல்லோருமாகத் திரும்பினோம். அவர்களுக்கு இது சொந்த ஊர். எனக்கு மட்டுமே அந்நிய நாடு. வதிவிட விசாவைப் புதுப்பிக்கக் கொழும்புக்குப் போகும்போது அது நன்றாகவே உறைக்கிறது. மற்றபடி, பாளையங்கோட்டையில் வளர்ந்த எனக்குப் பழகாமலிருந்தவை எங்கே திரும்பினாலும் தெரிகிற கடலும், ஆடு மாடுகளைப் போல வீதியில் நடமாடும் புள்ளிமான்களுந்தான். ஐப்பசி மழை அங்கே போலவே இங்கேயும் கொட்டுகிறது. புட்டும் சம்பலும் இல்லாமல் இப்போது எனக்கும் பொழுது விடிவதில்லை.

இல்லத்துக்கு வருகிறேன். நீங்கள் நினைப்பதுபோல் இங்கிருக்கும் எல்லோரும் தாய் தகப்பனைச் சாகக்கொடுத்தவர்கள் அல்லர். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிவந்தபோதும், 2006-இல் மூதூர், சம்பூர்ச் சனங்கள் சண்டைக்குத் தப்பி ஓடியபோதும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் வளர்ந்து, தாங்களே பெற்றோராகும் வயதுக்கு வந்துவிட்டார்கள். இப்போது வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார். தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போயிருப்பார். தகப்பன் குடியில் விழுந்திருப்பார் அல்லது வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டிருப்பார். 2022-இல் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற மாதங்களில், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் படலையடிக்கு வந்து நின்ற தாய்மாரைப் பார்த்தேன். அப்படி வாசலில் வைத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள எங்களுக்கு அதிகாரமில்லை. சிறுவர் நலனைக் கவனிக்கும் அரசாங்க நன்னடத்தை உத்தியோகத்தர் விசாரித்து, நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகே ஏற்றுக்கொள்ளலாம். அது நல்ல ஒழுங்கு என்றே நான் நினைக்கிறேன். அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசி கொடுக்க வேண்டுமே தவிர, அந்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிவரக் கூடாது.

பிறந்த தேதியே தெரியாமல் வந்த ஒரு சிறுவன் இருக்கிறான். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் நாளைக்கு அடையாள அட்டை எடுப்பது பெரும்பாடு. அடையாள அட்டை இல்லாவிட்டால் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைக்கு உட்காருவதும் சிரமம். ஆகவே, வயதை மதிப்பிட வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். வைத்தியர் அவன் வாயைத் திறக்கச் சொல்லி, சிறு விளக்கைப் பிடித்து, கடைவாய்வரை பல்லை எண்ணிப் பார்த்தார். அதற்குமுன் அவ்வளவு கவனமாக அவனை யாரும் பார்த்ததில்லையோ என்னவோ, திரும்பி வந்த பிறகு சமையல்காரம்மாவிடமும் தோட்டக்காரரிடமும் பால்காரரிடமும் போய், வாயை ஆவென்று திறந்து, "எண்ணிப் பாருங்கோ" என்று நின்றான். அவர்களும் வேலையை விட்டுவிட்டு எண்ணினார்கள். பிரசங்கத்தில் நான் கேட்டறியாத ஏதோவொன்றை அந்தச் சில நாட்களில் கற்றுக்கொண்டேன் என்றால் நீங்கள் நம்புவீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு நாள் மாலை ஜெபத்தில் ஏசாயா 49-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். "ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை" என்ற வசனம் வந்ததும், பின்வரிசையிலிருந்த ஒரு பெண்பிள்ளை, "அப்ப, அம்மாமார் மறக்கிறது உண்மைதானோ அன்ரி?" என்று கேட்டாள். இல்லை, அம்மா வருவா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால், வேதமே மறைக்காததை நான் எப்படி மறைப்பேன்? சில வேளைகளில் மறக்கிறார்கள், அது உன் குற்றமல்ல என்றேன். அவள் அழவில்லை, நெடுநேரம் என் பக்கத்திலேயே இருந்தாள். அக்கா, இந்தப் பிள்ளைகளிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டுமானால், நடந்ததை நடந்தது என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் பேச முடியும். தேவன் மறப்பதில்லை என்பதை அவர்கள் என் வார்த்தைக்காக நம்பப்போவதில்லை. இரவு இரண்டு மணிக்குப் படுக்கையை நனைத்துவிட்டு விழித்திருக்கும்போது முகம் சுளிக்காமல் ஒருவர் எழுந்து வந்து விரிப்பை மாற்றுகிறாரா, மறுநாள் இரவும் வருகிறாரா என்பதைப் பார்த்துத்தான் நம்புவார்கள். நானும் அதைச் செய்யும்போதுதான் நம்புகிறேன். களைத்துப்போய் ஜெபிக்கவும் வாய் எழாத இரவுகளில், சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறியவர் இந்தக் கூடத்தில் இருக்கிறார் என்ற எண்ணமே என்னைப் பிடித்து நிறுத்துகிறது.

நம் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூர்ப் பிள்ளைகள் இல்லத்தை நினைக்கிறேன். 1901-இல், தேவதாசியாக்க விடப்பட்டிருந்த கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பணியைத் தொடங்கிய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1951-இல் இறக்கும்வரை தம் நாடான அயர்லாந்துக்குத் திரும்பவில்லை. 1931-இல் விழுந்து அடிபட்டபின் கடைசி இருபது ஆண்டுகளில் பெரும்பகுதியை அறைக்குள்ளேயே கழித்தார்; அப்போதும் அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்கு அம்மாவாகவே இருந்தார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த நிலைத்திருத்தலை. ஆனால், அவரிடம் வந்த பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக வீடில்லை. எங்கள் பிள்ளைகள் பலருக்கு இருக்கிறது. அதனால், அவர்கள் எங்களைவிட்டுப் போக வேண்டும் என்பதே என் ஜெபம்.

வெருகலிலிருந்து ஒரு பாட்டி தன் பேத்தியைப் பார்க்க வருவார். 2009-இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அந்தத் துறையில் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றாலும், விடியுமுன் கிளம்பினால்தான் மாலையில் திரும்ப முடியும். அவித்த பனங்கிழங்கைத் துணியில் முடிந்து கொண்டுவருவார். முதலில் முருகன் கோயில் திருநீற்றைப் பேத்தியின் நெற்றியில் பூசுவார். பிறகு வேப்பமரத்தடியில் அவளை மடிக்கருகில் இருத்தி, பேச்சொன்றும் இல்லாமல் பேன் பார்த்துத் தலைபின்னிவிடுவார். அந்தத் திருநீற்றை நாங்கள் அழிக்கச் சொல்வதில்லை. நம் சபையில் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். பிள்ளையின் பசியையும் தனிமையையும் வைத்து அவளை மதம் மாற்றுவது கிறிஸ்துவுக்கு மகிமையல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாட்டி வந்து போன வாரம் அந்தப் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், பாடம் படிக்கிறாள். அவர் வராத மாதத்தில் அவளோடு பேசவே முடியாது. வராததற்குக் காரணம் பெரும்பாலும் பஸ் காசுதான்.

ஆகவே அக்கா, சபைப் பெண்களிடம் இதைச் சொல்லுங்கள். பொம்மையும் கேக்கும் வேண்டாம். டிசம்பரில் அவற்றோடு வந்து படமெடுத்துவிட்டுப் போகிறவர்கள் இங்கேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். காணிக்கையை, பிள்ளைகளைப் பார்க்க வருகிற பாட்டிமாருக்கும் பெரியம்மாமாருக்கும் பயணச் செலவாகவும், பிள்ளையைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும் வீட்டுக்கு முதல் சில மாதங்களின் அரிசி, பருப்புச் செலவாகவும் தாருங்கள். பணத்தோடு வைக்கும் கடிதத்தில் அப்படியே குறிப்பிட்டு அனுப்பினால் வேறு செலவுக்கு எடுக்க மாட்டார்கள். பிள்ளைகளின் படங்களைக் கேட்க வேண்டாம், அனுப்ப மாட்டேன். வெருகல் பாட்டிக்கு முழங்கால் வலி என்று சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் தங்கை