வாடையோடு வரும் புகை

ஐயா,

தை, மாசியில் எங்கள் வாலிநோக்கம் பகுதி உப்பளங்களில், மேகமே இல்லாமல் வானம் வெளுத்துக் கிடக்கும் நாட்கள் உண்டு. வெயில் மங்கினால் உப்பு இறங்கத் தாமதமாகும். எங்கள் பிழைப்பே அதில்தான். பழியெல்லாம் சீமைக்கருவேலக் கரிமூட்டத்தின் மேல் போடுகிறார்கள். அது முழு நியாயமல்ல; வாடையோடு தொலைவிலிருந்து வரும் புகைக்கும் இதில் பங்கு உண்டு.

1999இல் இந்தியப் பெருங்கடலில் பல நாட்டார் சேர்ந்து நடத்திய இண்டோயெக்ஸ் ஆய்வில் விஞ்ஞானிகள் வீ. இராமநாதன், பால் குருட்சன் உள்ளிட்டோர், தெற்காசியப் புகைமூட்டம் வாடைக்காலக் காற்றில் இந்தியப் பெருங்கடல் வரை பரவி, கடல்மேல் விழும் வெயிலைக் குறைப்பதைக் கண்டார்கள். நம் கரைக்கு வந்த காற்று முந்தைய நாட்களில் எங்கே இருந்தது என்பதை, அமெரிக்காவின் ஹைஸ்பிளிட் கணினி மாதிரியில் இன்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

காற்று வந்த பாதையைவிடக் கடினம், வழியில் எவ்வளவு புகை கழிந்தது என்ற கணக்கு. புகையின் நுண்துகளைப் பெரும்பாலும் மழைதான் கழுவுகிறது; மழையில்லாவிட்டால் ஒரு வாரத்துக்கு மேலும் மிதக்கும். கணினி மழையைத் தப்பாகப் போட்டால் புகைக் கணக்கும் தப்பும். சரிபார்க்க, கரையில் மழைநீரைப் பிடித்து, அதில் புகையிலிருந்து கரைந்த சல்பேட், நைட்ரேட் என்ற உப்புகளை அளக்க வேண்டும். கடலுப்பிலேயே சல்பேட் உண்டு, அதைக் கழித்தாக வேண்டும்.

இராமேசுவரம் அருகே மண்டபம் ஊர்க் கரையில் இதை ஆண்டு முழுக்க அளந்து, முடிவை வானிலை அறிக்கையோடு தமிழில் வெளியிட அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– உப்பளத் தொழிலாளி, வாலிநோக்கம்