உடற்கல்வி வேளையைத் தண்டனையாக நிறுத்த வேண்டாம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற பருவத் தேர்வின் மதிப்பெண் பட்டியல் உங்கள் வீடுகளுக்கு வந்த மறுவாரம், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் உடற்கல்வி வேளையில் மைதானத்தின் ஓரத் திண்டில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். விளையாட்டுக் காலணி அணிந்து, அதன் கயிற்றையும் இறுக்கிக் கட்டியிருந்தான். மடியில் கணக்குப் புத்தகம் விரிந்து கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. பந்து கோட்டைத் தாண்டி அவன் பக்கம் உருண்டு வந்தபோதெல்லாம் எழுந்து ஓடி, எடுத்து வீசிவிட்டுத் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டான். அருகே சென்று காரணம் கேட்டபோது, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டதால் அடுத்த தேர்வு முடியும்வரை தம் மகனை விளையாட அனுப்ப வேண்டாம் என்று வீட்டிலிருந்து எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்கள்.

அதை எழுதியவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பிள்ளையின் படிப்பை எண்ணி இரவெல்லாம் கவலைப்பட்ட ஒருவர் எழுதிய கடிதம் அது என்பது வரிக்கு வரி தெரிந்தது. ஆனால் அதே போன்ற கடிதங்கள் இந்த ஆண்டில் வேறு பல வகுப்புகளிலும் வந்திருப்பதாக வகுப்பாசிரியர்கள் சொன்னபோதுதான், இதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசிக்கொண்டிருப்பதைவிட உங்கள் அனைவருக்கும் எழுதுவதே முறை என்று எனக்குத் தோன்றியது.

முதலில் எங்கள் பக்கத்துத் தவறைச் சொல்லிவிடுகிறேன். பாடம் முடியவில்லை, திருப்புதல் தேர்வு நெருங்கிவிட்டது என்று மற்ற பாட ஆசிரியர்கள் உடற்கல்வி வேளையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நம் பள்ளியிலும் நடந்திருக்கிறது. அதற்கு அனுமதி கொடுத்தவன் நான்தான். வகுப்பே வரிசையாகப் படியிறங்கி மைதானத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது திருப்பி அழைத்து உட்கார வைத்திருக்கிறோம். அப்போது அந்த முகங்கள் வாடியதை நான் பார்க்காமல் இல்லை. விளையாட்டு நேரத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் நாங்களே சொல்லிக் கொடுத்தது போல் ஆகிவிட்டது. வரும் திங்கட்கிழமை முதல் எந்த வகுப்பின் உடற்கல்வி வேளையும் வேறு பாடத்துக்கு மாற்றப்படாது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இதில் அடங்கும். மருத்துவக் காரணம் இருந்தாலன்றி, மாணவரை விளையாட்டிலிருந்து விலக்கி வைக்கும்படி வரும் கடிதங்களையும் இனி ஏற்க மாட்டோம். அப்படி எழுத நினைக்கும் பெற்றோர், எழுதுவதற்கு முன் ஒருமுறை என்னை நேரில் வந்து பாருங்கள். பிள்ளையின் படிப்புக்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் குறைந்தது 3 நாளாவது எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் ஓட்டம், குதித்தல், ஏறுதல் போன்றவை அதில் இருக்க வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கணக்கிட்டால் வாரத்துக்கு 420 நிமிடம். நம் கால அட்டவணையில் ஒரு வகுப்புக்கு வாரம் இரண்டு உடற்கல்வி வேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். வரிசையில் நிற்பது, வருகைப் பதிவு, தண்ணீர் குடிப்பது எல்லாவற்றையும் சேர்த்தாலே 80 நிமிடம்தான். மீதமுள்ள 340 நிமிடமும் வீட்டின் கையில் இருக்கிறது. பள்ளியில் கிடைக்கும் அந்த 80 நிமிடத்தையும் மதிப்பெண்ணுக்கு ஈடாக எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன என்பதை எண்ணிப் பாருங்கள்.

வெளியில் இருப்பதனால் கண்ணுக்கு வரும் நன்மையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். கரும்பலகை தெரியவில்லை என்று முன் வரிசைக்கு இடம் மாற்றிக் கேட்கும் பிள்ளைகள் இப்போது கீழ்வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடையே ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் செயல்படும் வகுப்பு சேர்க்கப்பட்டது. மற்றவற்றில் வழக்கம்போல் நடந்தது. மூன்றாண்டு முடிவில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை புதிதாக வந்திருந்தது. வெளியில் கூடுதல் நேரம் இருந்த பள்ளிகளிலோ அது 30.4 விழுக்காடு. 2015-இல் வெளிவந்த முடிவு இது. வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அலகால் அளப்பார்கள்; வகுப்பறையின் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் அளவுதான். திறந்த வெளியிலோ அது பகலில் பல்லாயிரம் லக்ஸ் வரை போகும், மரநிழலில் நின்றால்கூட அறையைவிடப் பல மடங்கு அதிகம். பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரை டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கிறது என்றும், கண்விழி அளவுக்கு மீறி நீண்டுவிடாமல் அது தடுக்கிறது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே திண்டில் உட்கார்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அந்த வெளிச்சம் போய்ச் சேர்கிறது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, உச்சி வெயிலில் நெடுநேரம் நிற்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

எறும்பைப் பற்றிச் சொன்னது சும்மா இல்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். பந்தென்றால் பயம், ஓட்டப் போட்டியில் கடைசியாகவே வருவாள். ஆனால் இடைவேளை தோறும் மைதானத்தின் வேலியோரமாகக் குனிந்தபடி நடந்து, எறும்பு வரிசை எந்தத் துளையில் புறப்பட்டு எங்கே போகிறது என்று ஒரு பழைய நோட்டில் படமாக வரைந்து வைத்திருக்கிறாள். மழைக்கு மறுநாள் வரிசை இடம் மாறியதையும் அம்புக்குறி போட்டுக் குறித்திருந்தாள். விளையாட்டு வேளை என்பது வெற்றி பெறும் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்து அவளைப் போன்றவர்களை நாம் விட்டுவிடுகிறோம். செடி வளர்ப்பது, பறவை பார்ப்பது, மிதிவண்டியில் சுற்றுவது, மொட்டைமாடியில் நின்று விண்மீன்களை இனங்காண்பது, பட்டம் விடுவது, கூழாங்கல் பொறுக்குவது ஆகிய எல்லாமே பிள்ளையை வீட்டுக்கு வெளியே கொண்டுவருகின்றன. உங்கள் பிள்ளை எந்த அணியிலும் இல்லையே என்று வருந்த வேண்டாம். வெளியில் எதன்மீது அதன் கண் போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டு வரை 146 நாடுகளில் திரட்டிய தரவுகளைக் கொண்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதினரில் ஆண்களில் 78 விழுக்காட்டினரும் பெண்களில் 85 விழுக்காட்டினரும் போதிய அளவு உடலியக்கம் இல்லாதவர்களாக இருந்தனர். நம் மைதானத்திலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆறாம் வகுப்பு வரை கத்திக்கொண்டு ஓடும் பெண்கள், எட்டாம் வகுப்பில் கைகட்டி ஓரமாக நின்று பேசத் தொடங்குகிறார்கள். வளர்ந்துவிட்டாய், இனி என்ன ஓட்டமும் துள்ளலும் என்று யாரோ ஒருவர் எங்கோ சொல்லியிருக்கிறார்; அந்த ஒரு சொல் போதுமாக இருக்கிறது. எலும்பின் உறுதியில் பெரும்பகுதி இந்த வளரிளம் பருவத்தில்தான் சேர்கிறது என்பதால், நிறுத்தக் கூடாத வயதில் நாம் நிறுத்தச் சொல்கிறோம். மாதவிடாய் நாள்களில் ஓடலாமா என்று சில தாய்மார்கள் கேட்டீர்கள். உடல் இடம் கொடுத்தால் தாராளமாக ஓடலாம். முடியாத அன்று ஓய்வெடுக்கலாம். அதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். காரணம் சொல்லாமல் இன்று இயலவில்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்று உடற்கல்வி ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறேன். பாவாடைக்குப் பதிலாகத் தளர்வான கால்சட்டை அணிந்து வரவும் அனுமதி உண்டு.

சில வீடுகளில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. விடியுமுன் ஒரு பயிற்சி, மாலையில் இன்னொரு பயிற்சி, விடுமுறை நாளில் போட்டி என்று பத்து வயதுப் பிள்ளையை ஒரே விளையாட்டில் பூட்டி வைக்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் உழைப்பையும் செலவையும் நான் மதிக்கிறேன். ஆயினும் வளரும் எலும்பின் நுனிகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் மென்மையானவை. ஒரே அசைவு ஓயாமல் திரும்பத் திரும்ப நடந்தால் முழங்காலுக்குக் கீழும் குதிகாலிலும் வலி தொடங்குவது இதனால்தான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும், பெரும்பாலான விளையாட்டுகளில் 15 அல்லது 16 வயது வரை ஒன்றிலேயே தனித்தேர்ச்சி தேடாமல் பலவற்றையும் ஆடவிட வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்திருக்கிறது. வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். சோம்பல் என்று தள்ளிவிட்ட வலி பல மாதங்கள் கட்டுப்போட்டு உட்கார வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

போட்டி முடிந்து வீடு திரும்பும் வழியும் முக்கியமானது. மைதானக் கோட்டுக்கு வெளியே நின்று, "அந்தப் பக்கம் போ, இந்தப் பக்கம் அடி" என்று குரல் கொடுக்கும்போது, பிள்ளை பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறது. சென்ற முறை வகுப்புகளுக்கிடையேயான ஆட்டத்தில், கோல் தவறவிட்ட ஒரு சிறுவன் உடனே தலையைத் திருப்பித் தேடியது தன் அணித் தோழர்களை அன்று. கூட்டத்தில் நின்ற தன் தந்தையை. கைதட்டுங்கள், இரண்டு அணிக்கும் தட்டுங்கள். குறைகளைச் சொல்ல வேண்டியிருந்தால் அன்றைக்கு வேண்டாம். வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளை தானாகப் பேசத் தொடங்கும்வரை ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்காமல் இருந்து பாருங்கள்.

காயம் பற்றிய அச்சம் நியாயமானது. சிராய்ப்பும் சுளுக்கும் வரத்தான் செய்யும்; அவற்றுக்கு முதலுதவி பள்ளியிலேயே கிடைக்கும். தலையில் அடிபட்டால் மட்டும் நிலைமை வேறு. அடிபட்ட பிள்ளை தான் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அன்று மீண்டும் களத்தில் இறக்க மாட்டோம். உங்களுக்கும் உடனே தொலைபேசியில் தெரிவிப்போம். வீட்டுக்கு வந்தபின் தலைவலி கூடினாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, எழுப்புவது கடினமாக இருந்தாலோ காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மிதிவண்டிக்குத் தலைக்கவசமும், நீர்நிலைக்குப் பெரியவர் துணையும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

நேரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தனிப்பயிற்சி வகுப்பு, வீட்டுப்பாடம், இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு, இவற்றுக்கு நடுவே ஒரு மணி நேரத்தை ஒரே துண்டாக ஒதுக்குவது பலருக்கும் இயலாது என்பதை அறிவேன். துண்டு துண்டாகச் சேர்ந்தாலும் போதும். பள்ளிக்கு நடந்து வரும் 15 நிமிடமும் அதில் சேரும். பள்ளி விட்டு வந்து புத்தகம் திறப்பதற்கு முன் அரை மணி நேரம் வாசலில் ஓடிப்பிடித்து ஆடுவதும் சேரும். எங்கள் பங்காக, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை செவ்வாய், வியாழக்கிழமைகளில் வீட்டுப்பாடம் தருவதை நிறுத்துகிறோம். அந்த இரண்டு நாளும் பள்ளி முடிந்த பின் ஒரு மணி நேரம் மைதானத்தின் வாயில் திறந்திருக்கும். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் உடன் இருப்பார். பயிற்சியோ போட்டியோ கிடையாது, பிள்ளைகள் விரும்பியதை ஆடலாம். பெற்றோரும் வந்து ஆடலாம்.

இக்கடிதத்துடன் ஒரு படிவம் இணைத்துள்ளேன். பிள்ளைக்கு இளைப்பு, இதயக் குறைபாடு, வலிப்பு, ஒவ்வாமை ஏதேனும் இருந்தால் அதில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். அதற்காக யாரையும் திண்டில் உட்கார வைக்க மாட்டோம், எப்படிப் பாதுகாப்பாக ஆடவைப்பது என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறோம். படிவத்தின் கடைசிக் கேள்விக்கு மட்டும் பிள்ளையே தன் கையால் விடை எழுதட்டும்: வெளியில் போனால் உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்? நிரப்பிய படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

திண்டில் உட்கார்ந்திருந்த அந்த மாணவனின் தந்தை மறுநாள் பள்ளிக்கு வந்திருந்தார். நெடுநேரம் பேசினோம். கணக்குக்கு மதிய இடைவேளையில் 20 நிமிடம் ஆசிரியர் உதவுவது என்று முடிவாயிற்று. புறப்படும் முன் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த வாரம் அவர் மகன் களத்தில் இருக்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்